ஒன்றும் இல்லாத கேசட்

சார்,

ராமநாதபுரத்தைப் பிரித்து நம்மைத் தனி மாவட்டம் ஆக்கினார்களே, அந்த வருஷம்தான் நீங்கள் முதல்முதலாகப் பரளச்சிக்கு வந்தீர்கள். இன்று காலை அந்த நாள் திரும்ப வந்தது. என் டேப் ரிக்கார்டர் பழுதாகிவிட்டதால், நீங்கள் கொடுத்த கேசட்டைக் கேட்பதற்காக மாதா கோயில் உபதேசியார் வீட்டுக்குக் கொண்டுபோனேன். கொஞ்சம் ஓடவிட்டுப் பார்த்தவர், "ஒண்ணுமே இல்லையே தாத்தா, இதுல நம்ம கோயில் பாட்டப் பிடிச்சிருவோமா?" என்று பதிவுப் பொத்தானில் விரல் வைத்துவிட்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவர்தான் இதை எழுதுகிறார்.

அன்று தோளில் மெஷினைத் தொங்கவிட்டுக்கொண்டு மதியப் பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள். மழைக்கு முன்னால் புழுதியிலேயே குதிரைவாலி விதைக்கிறோமே, அதைப் பற்றி ரேடியோவுக்குக் கேட்டீர்கள். வேப்பமரத்தடியில் நான் பேசினேன், மச்சான் அந்தோணி பேசினான். விதை எடுத்து வைப்பதைப் பற்றி என் வீட்டுக்காரி மரியபுஷ்பமும் நாலு வார்த்தை சொன்னாள்.

எல்லாம் முடிந்ததும், "இப்ப ஒரு நிமிஷம் யாரும் பேசாதீங்க. இந்த இடத்தை மட்டும் பிடிச்சுக்கிறேன்" என்றீர்கள்.

"ஏலே மச்சான், வாயை மூடச் சொல்லிச் சம்பளம் வாங்குற மனுசர இப்பத்தான் பாக்குறேன்" என்றான் அந்தோணி.

"சும்மா இருக்கிறதையா பஸ்ஸு ஏறி வந்து பிடிச்சுட்டுப் போறீக?" என்று அவளும் கேட்டாள்.

பேச்சை வெட்டி ஒட்டும்போது இடைவெளியில் வைக்க அது வேண்டும் என்றீர்கள். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, "நிலையத்துல எல்லாரும் வேலை முடிஞ்சதும் அதைத் தூக்கிப் போட்டுருவாங்க. நான் வீட்டுக்குக் கொண்டுபோயி வச்சுக்குவேன். ஒண்ணுமில்லாததப் பெட்டி பெட்டியா அடுக்குறேன்னு எங்க வீட்டுல ஒரே சண்டை" என்றீர்கள்.

எல்லாரும் வாயை மூடிக்கொண்டோம். வெள்ளாடு ஒன்று மெல்ல வந்து உங்கள் சட்டைப்பையில் இருந்த காகிதத்தை இழுத்தது. நீங்கள் மைக்கைப் பிடித்தபடி அசையாமல் நின்றீர்கள். மரியபுஷ்பம் முந்தானையால் வாயைப் பொத்தினாள். பொத்தியும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. நான் முறைத்தேன். நீங்கள் முறைக்கவில்லை.

பல வருஷம் கழித்து அவள் காய்ச்சலில் போனாள். கல்யாணப் போட்டோவில் முகம் இருந்தது. குரல்தான் நாளுக்கு நாள் என்னைவிட்டு நழுவியது. அவள் பேசியதை ஒருதரம் கேட்க வேண்டும் என்று நிலையத்துக்கு வந்தேன். உள்ளே போய்த் தேடிவிட்டு வந்த நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "டேப்பு பத்தாதுன்னு அழிச்சு, அது மேலயே வேற பதிஞ்சுட்டோம் அண்ணாச்சி. எல்லாத்தையும் அப்படித்தான் செய்யுறது" என்றீர்கள். நான் பஸ் ஏறிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே மதியப் பஸ்ஸில் நீங்கள் வந்தீர்கள். உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்து எடுத்துவந்த இந்தக் கேசட்டை வேப்பமரத்தடியில் போட்டீர்கள். காற்று. ஆட்டுக் கழுத்து மணி. பிறகு அவள் சிரிப்பு. "இன்னொருக்கா" என்றேன். சாயங்காலப் பஸ் வரும்வரை அதையே திருப்பித் திருப்பிப் போட்டீர்கள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காகத்தான் உங்களை எனக்கு அவ்வளவு பிடிக்கும் சார்.

இப்போதும் யாராவது என்னோடு பேசிவிட்டுப் போனால் நான் உடனே எழுந்திருப்பதில்லை. கொஞ்சநேரம் அந்த இடத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். வந்து பேசுகிறவர்கள்தான் குறைந்துபோனார்கள்.

உபதேசியார் கேசட்டை மறுபடி ஓடவிட்டிருக்கிறார். "யாரு தாத்தா சிரிக்கிறது?" என்று கேட்கிறார். அன்று அந்த மரத்தடியில் இருந்தவர்களில் அவள் போய்விட்டாள், அந்தோணி போய்விட்டான், இப்போது நீங்களும் போய்விட்டீர்கள். அது மரியபுஷ்பத்தின் சிரிப்பு என்று கேட்டதும் சொல்ல இனி ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறான்.

பரளச்சி சவரிமுத்து.