ஏழாவது டயர்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நான் மட்டும் முக்கால் சுகம். போனில் சொல்லலாம் என்றால் வீட்டில் அவள் இருக்கிறாள், டிப்போவில் கண்டக்டர் இருக்கிறான். இரண்டு பேருக்கும் காது நீளம். அதனால்தான் காகிதம்.

எனக்கு மூலம். பஸ் ஓட்டுகிறவனுக்கு வராமல் வேறு யாருக்கு வரும்? இரண்டு மாதமாக எரிச்சல், அரிப்பு, சில நாள் ரத்தம். பழைய டியூப் ஒன்றை வெட்டி ஒட்டிக் காற்றடித்து, சீட்டில் போட்டு உட்கார்ந்து ஓட்டுகிறேன். "என்னண்ணே, ஏழாவது டயரா?" என்கிறான் கண்டக்டர், பயணிகள் காதில் விழும்படி.

நீ கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவள். வீட்டிலேயே சரியாவதற்கு வழி இருந்தால் எழுது. டாக்டர் மட்டும் வேண்டாம். அந்த இடத்தைப் போய் ஒருத்தரிடம் காட்டிக்கொண்டு...

உன் தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

வேதியியலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

அகலமான தொட்டியில் பொறுக்கும் சூட்டில் தண்ணீர் விட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார். காலையில் கழிப்பறை போய் வந்ததும் ஒரு முறை, வேலை முடிந்து ஒரு முறை. உப்பு, இலை, பொடி எதுவும் வேண்டாம். பிறகு ஒற்றித் துடை, தேய்க்காதே. முக்காதே, வராவிட்டால் எழுந்து வந்துவிடு. உள்ளே உட்கார்ந்து போன் பார்க்கிறாய் என்று உன் மனைவி எப்போதோ புகார் சொல்லிவிட்டாள். காய், கீரை, பழம் நிறையச் சாப்பிடு.

வழியில் ஒன்றுக்குப் போக நிறுத்த இடமில்லை என்று காலையிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்காமல் ஓட்டுகிறாய். பாதிக் காரணம் அதுதான். டியூபைத் தூக்கிப் போடு. நடுவில் ஓட்டை உள்ளதில் உட்கார்ந்தால் வீக்கம் கூடும்.

ரத்தம் என்ன நிறம்? உடம்பு மெலிந்திருக்கிறதா? மறைக்காமல் எழுது. டாக்டர் வேண்டாம் என்ற வரியை நான் படிக்கவில்லை. போ.

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

துணி ஊற வைக்கிற தொட்டியில் உட்கார்ந்தேன். "துணி போதாதுன்னு ஆளையே ஊறப் போட்டாச்சா?" என்று சிரித்தாள் வீட்டுக்காரி. அப்படி அவளுக்கும் தெரிந்துவிட்டது. அரிப்பு போயே போச்சு. எரிச்சல் பாதி. பாதி வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்துகிறேன். பயணிகள் முணுமுணுக்கிறார்கள், முணுமுணுக்கட்டும்.

ரத்தம் சில நாள் நல்ல சிவப்பு, சில நாள் கொஞ்சம் கருமை. பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே போயிருக்கிறேன். எல்லாம் உன் கீரை மகிமை. இனி டாக்டர் எதற்கு? நீயே போதும்.

உன் தம்பி


மார்ச் 24

தம்பிக்கு,

நீயே போதும் என்று இதற்கு முன் ஒருவர் எனக்கு எழுதியிருக்கிறார். அப்பா.

பதினோரு வருடத்துக்கு முன் அவரும் இதையேதான் கேட்டார். நானும் இதையேதான் எழுதினேன்: வெந்நீர், கீரை, தேய்க்காதீர்கள். நிறம் மட்டும் கேட்கவில்லை. அப்பாவிடம் அதைக் கேட்க எனக்குக் கூச்சம். ஒரு வருடம் ஒழுங்காக வெந்நீரில் உட்கார்ந்தார். எரிச்சல் குறைந்தது என்று நன்றி சொல்லி எழுதினார். பிறகுதான் குடலில் கட்டி என்று தெரிந்தது. அதன்பின் ஐந்து மாதம், உனக்குத் தெரியும். அந்தக் கடிதங்களை அவர் பெட்டியிலிருந்து எடுத்தது நான்தான்.

மூலம் இருக்கிறவனுக்கு வேறொன்றும் இருக்கக்கூடாது என்று சட்டமில்லை. நீ டாக்டரிடம் போகும் வரை இனி ஒரு வரி எழுதமாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 17

அன்புள்ள அக்காவுக்கு,

போனேன். டாக்டர் சின்னப் பெண், உன் மாணவி வயதுதான் இருக்கும். பஸ்ஸுக்கு அடியில் படுத்து லைட் அடித்துப் பார்க்கிற மெக்கானிக் மாதிரி, கேமரா விட்டுப் பார்த்தார். மூலம் இருப்பது உண்மை. குடலில் இரண்டு சின்னச் சதை வளர்ச்சி. அங்கேயே வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்று இல்லை. விட்டிருந்தால் ஆகியிருக்கலாமாம். வெந்நீரைத் தொடரச் சொன்னார்.

அந்தக் கடிதங்களை அப்பா என்னிடம் வாசித்துக் காட்டியிருக்கிறார். அவர் துணியைத் துவைக்கப் போடும்போது ரத்தத்தைப் பார்த்தது நான். நிறம் எனக்குத் தெரியும். நானும் வாயைத் திறக்கவில்லை. நீ ஒருத்தியே தூக்கிக்கொண்டு நடக்காதே.

இன்னொன்று. அப்பாவைப் பற்றியும் உன் கடிதத்தைப் பற்றியும் டாக்டரிடம் சொன்னேன். "அப்பாவுக்கு இருந்ததுன்னா உங்க அக்காவும் பாத்திருக்கணுமே. எப்ப பாத்தாங்க?" என்று டாக்டர் கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். எப்போது பார்த்தாய்? பார்க்கும் வரை நானும் ஒரு வரி எழுதமாட்டேன்.

உன் தம்பி


ஏப்ரல் 22

தம்பிக்கு,

பார்க்கவில்லை. ஏன் என்று எழுதினால் உன் முதல் கடிதத்தைத்தான் என் கையெழுத்தில் எழுத வேண்டியிருக்கும்.

வரும் வியாழன் காலை எட்டு மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். மயக்க மருந்து கொடுப்பார்களாம். கூட ஒருவர் வர வேண்டுமாம். படிவத்தில் உன் பெயரை எழுதிவிட்டுத்தான் இதைக் கேட்கிறேன். அன்று லீவு கிடைக்குமா?

டியூபைக் கொண்டு வராதே.

அக்கா