பம்ப் அறைக்குப் பின்னால் மூன்று கஸ்தூரி வேல்

மார்ச் 3, திங்கள்

காலையிலிருந்து மழை. குடை அலுவலகத்தில். நனைந்தபடியே எம்ஆர்டி ரயில்.

வளைகுடாவிலிருந்து மெயில். அந்தப் பாலைவன நகரத்தில் ஒரு பள்ளித் தெருவுக்கு மரம் வைத்துக் கொடுத்தோமே, அங்கிருந்து. காய்ந்துபோனவற்றை எடுத்துவிட்டு வேறு நட வேண்டுமாம். திட்டம் நான்தான் வரைய வேண்டுமாம். கூடவே ஒரு படம். பம்ப் அறைக்குப் பின்னால் மூன்று மரங்கள், கிளை தெரியாமல் மஞ்சள் பூ. "இது என்ன மரம்? தெருமுனை வரை மணக்கிறது. யாரும் தண்ணீர்கூட விடுவதில்லை. தெரு முழுக்க இதையே நடலாமா?"

கஸ்தூரி வேல். நட்டது யார் என்று எனக்குத் தெரியும்.

மத்தியானம் சாப்பிடவில்லை. கோப்பி இரண்டு. மூட்டுவலி மாத்திரை வாங்க மறந்தாச்சு.

மார்ச் 4, செவ்வாய்

எங்கும் எழுதியதில்லை. எழுதிவிடுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன். சேவியர் (இனி சே.) அங்கே எங்கள் சைட் சூப்பர்வைசர். ஆள் இங்கே செங்காங்காரர். என்னை 'அக்கா' என்பார். நான் வரைந்தது தெருவின் இரண்டு பக்கமும் மரமல்லி. உயரம், வெள்ளைப் பூ, நல்ல வாசனை. படத்தில் பிரமாதம்.

ஃபோனில் சொன்னார்: "அக்கா, மரமல்லி வேணாம். இங்க காத்துலயும் உப்பு, தண்ணியிலயும் உப்பு. கஸ்தூரி வேல் போடுவோம். அதுவும் வாசம்தான்."

"முள்ளு சேவியர். பிள்ளைங்க நடக்குற தெரு."

"கீழ்க்கிளைய கழிச்சு விட்டா முள்ளு தலைக்கு மேலதான் இருக்கும்."

"டிராயிங்ல இருக்குறத நடுங்க" என்றேன். அந்தக் குரல் இன்னும் காதில். என் குரல்தான்.

முதல் கோடையிலேயே இலை விளிம்பு கருகியது. ஆகஸ்டுக்குள் எல்லாம் விறகு.

பிறகு வாடிக்கையாளரோடு வீடியோவில் விசாரணை. எங்கள் இயக்குநர், "சூப்பர்வைசர் தண்ணீர் விடுவதில் கவனமாக இல்லை" என்றார். சே. சொன்னது ஒன்றுதான்: "அக்காவுக்குத் தெரியும். அவங்களையே கேளுங்க."

என் மைக் மூடியிருந்தது. திறக்கவில்லை. திறக்கத் தெரியாமல் இல்லை.

அடுத்த வாரம் அவரை வேலையைவிட்டு அனுப்பினார்கள்.

அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டவை:
– பதவி உயர்வு வரும் மாதம்
– இயக்குநரை மறுத்துப் பேச அது இடமல்ல
– அவருக்கு வேறு வேலை கிடைத்துவிடும்

மூன்றாவதை அன்றைக்கே நான் நம்பவில்லை.

மார்ச் 6, வியாழன்

வெயில். வேலை முடிந்து தேக்கா சந்தை. வஞ்சிரம், கறிவேப்பிலை, மாத்திரை (கடைசியில்). பூக்கடையில் ஒரு பெண், "என்னங்க மல்லி, வாசமே இல்ல?" கடைக்காரர், "கூல் ரூம்லேருந்து இப்பதான் வந்துச்சு லா. வெளிய வச்சா தானா வரும்."

சாந்தியைப் பார்த்தேன். முன்பு எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பார்த்தவள். சே. பற்றிக் கேட்டேன். "பொங்கோல்ல ஒரு கொண்டோ அடுக்குமாடியில செக்யூரிட்டியா இருக்காரு. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. தெரிந்துகொள்ளவில்லை. இரண்டும் ஒன்றல்ல.

மார்ச் 8, சனி

பொங்கோல். வாசல் காவலறை. சே. சீருடையில், இளைத்து. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அதுதான் தாங்கவில்லை.

"யாரப் பாக்கணும் மேடம்?"

மேடம்.

படத்தைக் காட்டினேன். ஃபோனைக் கையில் வாங்கி, இரண்டு விரலால் பெரிதாக்கி, வெகுநேரம் பார்த்தார். "கழிச்சு விடவே இல்ல. பாருங்க, கிளை தரையில கிடக்கு." கொஞ்சம் கழித்து, "நர்சரியில மூணு கன்னு சும்மா குடுத்தாங்க. டிராயிங்ல இடம் இல்ல. அதான் பின்னாடி வச்சேன்."

மன்னிப்புக் கேட்டேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம் பாதியில் நின்றது.

"எங்கிட்ட கேட்டு என்னங்க? ஒவ்வொரு கம்பெனியா ஏறி இறங்கினேன். எல்லா இன்டர்வியூவுலயும் அந்த மரத்தப் பத்தியே கேட்டாங்க. ஸ்டெல்லாவே ஒரு நாள் கேட்டா, நெசமாவே நீங்க தண்ணி விடலையான்னு."

ஸ்டெல்லா அவர் மனைவி.

"நான் என்ன செய்யணும், சொல்லுங்க."

"அன்னிக்குப் பேசாதத இப்பப் பேசுங்க. இங்க இல்ல. அவங்ககிட்ட."

பார்சல்காரர் வந்தார். சே. பதிவேட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார். எல்ஆர்டி ரயிலில் இரண்டு சுற்று சுற்றிவிட்டுத்தான் இறங்கினேன். எந்த நிறுத்தம் என்று கவனமில்லை.

மார்ச் 10, திங்கள்

புழுக்கம். காலையில் இயக்குநர் அறை. சொன்னேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "முடிஞ்ச விஷயம். எதுக்கு இப்பக் கிளறுறீங்க? புது மரத்த வரைங்க, போதும்."

மூன்று மணிக்கு வாடிக்கையாளருக்கு மெயில். இயக்குநருக்கு நகல். நீளமாக எழுதி, எழுதி, அழித்து, மிஞ்சியது இவ்வளவு: மரமல்லி என் தேர்வு. சேவியர் முன்பே எச்சரித்தார், நான் கேட்கவில்லை. தண்ணீரில் குறை இல்லை. அந்தக் கூட்டத்தில் நான் பேசியிருக்க வேண்டும். படத்தில் இருக்கும் மூன்று மரங்களையும் நட்டவர் அவர்தான்.

அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு லிஃப்ட் எடுக்காமல் ஏழு மாடி இறங்கினேன். மூட்டு.

மார்ச் 13, வியாழன்

வளைகுடா வேலை என்னிடமிருந்து போய்விட்டது. இனி எங்கள் அலுவலக ஜெனிஃபர் பார்ப்பாள். யாரும் திட்டவில்லை. மதியம் சாப்பிடக் கூப்பிடவும் இல்லை. வாடிக்கையாளர் சே.யின் எண் கேட்டாராம். சே. மீது தவறில்லை என்று அலுவலகம் கடிதம் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னாராம். கொடுத்துவிட்டார்களாம். மூன்று நாளில் முடிகிற காரியத்துக்கு மூன்று வருடம் எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 15, சனி

துணி உலர்த்தும்போது ஃபோன். சே.

"அங்க வேலைக்குக் கூப்பிட்டாங்க. வேணாம்னுட்டேன். அந்த வெயில இனி உடம்பு தாங்காது. வீட்டுல இவங்களையும் விட்டுட்டுப் போக முடியாது." பிறகு, "கடுதாசி வந்துச்சு. ஸ்டெல்லா படிச்சா. அடுப்படியில போய் நின்னு அழுதா."

ஈரச் சட்டை கையில்.

"புதுசா வரையிறவங்ககிட்ட சொல்லுங்க. கன்னு சின்னதா வாங்கணும். பெருசு வாங்கினா தொட்டிக்குள்ளயே வேர் சுருண்டிருக்கும். மொத ரெண்டு கோடைக்கும் தண்ணி ஆழமா விடணும், இடைவெளி விட்டு. தினம் கொஞ்சம் கொஞ்சமா விட்டா வேர் கீழ போகாது. எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

இனிமேல் இடையிடையே பேசலாமா என்று கேட்டேன். அந்தப் பக்கம் யாரோ தட்டு வைக்கும் ஓசை.

"மரம் விஷயமா இருந்தா கூப்பிடுங்க" என்றார். வைத்துவிட்டார்.