பாட்டுக்கு முன்னால் கிடந்தது

ஜூன் 9, திங்கள்

விடிவதற்கு முன்பே மழை. கரண்ட் இல்லை. துணி காயவில்லை, ஈரத் தமேன் லுங்கியை இடுப்பில் சுற்றிக்கொண்டுதான் ஸ்டூடியோவுக்கு. பஸ்ஸில் பக்கத்தில் நின்றவள் லான்மடாவ் வரும்வரை பர்மியத்தில் வானத்தைத் திட்டிக்கொண்டே வந்தாள். நன்றாகத்தான் திட்டினாள்.

இரண்டு கல்யாண வீடியோ. முதலாவதில் மாப்பிள்ளையின் தாய்மாமன், தாலி கட்டும் நேரம் முழுக்க இருமல். வெட்டி எடுத்துவிட்டேன். இருமல், தும்மல், குழந்தை அழுகை, நாற்காலி இழுக்கும் சத்தம், இதையெல்லாம் எடுக்கத்தான் எனக்குச் சம்பளம்.

மதியம் அமெரிக்காவிலிருந்து மெசேஜ். அதற்கப்புறம் ஒரு வேலையும் ஓடவில்லை.

போன வாரம் ஒரு பழைய இசைத்தட்டின் லேபிளைப் படம் எடுத்துப் போட்டிருந்தேன். உலகம் முழுக்க என்னைப் போல வேலையற்றவர்கள் பழைய அமெரிக்கப் பாட்டுகளைச் சேர்த்து வைக்கும் இணையதளம் அது. லேபிளில் பென்சிலால் ஒரு பெயர், வால்டர். அடியில் ஊர்ப்பெயர். அதற்கும் கீழே, 'குட்டிக்கு'. பார்த்துவிட்டு டெனிஸ் என்று ஒரு பெண் எழுதியிருக்கிறாள். வால்டர் அவள் பாட்டியின் அப்பாவாம். இரண்டாம் உலக யுத்த காலத்தில் நம் வடக்கே சாலை போட வந்த அமெரிக்கக் கறுப்புச் சிப்பாய். மிச்சீனா பக்கம் லாரி உருண்டு செத்துப் போனார், ஊர் திரும்பவே இல்லை. அவர் இங்கே இருக்கும்போது அங்கே பிறந்த குழந்தைதான் அந்தப் பாட்டி, லொரெய்ன் அம்மா. இப்போது எண்பத்தொன்று. அப்பாவின் ஒரே ஒரு போட்டோ அவரிடம் உண்டு. குரல் கேட்டதில்லை.

'அவருடைய சத்தம் அதில் இருக்கிறதா? தயவுசெய்து சொல்லுங்கள்.'

இருக்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்? இன்னும் ஊசியே வைக்கவில்லையே.

வாங்க: காய்ச்சி வடித்த தண்ணீர், மெழுகுவர்த்தி, அண்ணிக்குப் பிரஷர் மாத்திரை. போனுக்கு டாப்அப். மறக்காதே, மறக்காதே.

ஜூன் 10, செவ்வாய்

ஸ்டூடியோ விட்டதும் சுலைமான் காக்கா கடைக்கு. பழைய ரேடியோ, செத்த மின்விசிறி, நடுவில் காக்கா, வெற்றிலை. இந்தத் தட்டும் அவர் கடைப் பெட்டியிலிருந்துதான் வந்தது. போட்டாதாங்கில் ஒரு வீடு காலி செய்தபோது மொத்தமாக எடுத்தாராம். யார் வீடு, அவர்களுக்கு எப்படி வந்தது, ஒன்றும் தெரியாது. காலி செய்கிறவர்களிடம் இப்போதெல்லாம் யாரும் கேள்வி கேட்பதில்லை.

"ஏம்மா செல்வி, அமெரிக்காக்காரனே வேணாம்னு விட்டுட்டுப் போன பாட்டு. அதை நீ எதுக்கும்மா தூக்கிச் சுமக்கிறே?"

இரண்டு வருஷமாக இதே கேள்வி. இரண்டு வருஷமாக இவரே பெட்டியை என் பக்கம் தள்ளியும் விடுகிறார். மெசேஜைப் படித்துக் காட்டினேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மறுபடி படிக்கச் சொன்னார்.  

எதற்குச் சுமக்கிறேன் என்று எனக்கே தெரியாது. எங்கள் மாடியில் மூன்று வீடு காலி. மேல்வீட்டுப் பையன் போன மாதம் தாய்லாந்து பக்கம் போனான், சொல்லிக்கொள்ளவில்லை. யார் எப்போது போவார்கள் என்று தெரியாத ஊரில் போனவர்களின் சத்தமாவது எங்காவது இருக்கட்டும் என்று தோன்றுகிறது. அது அமெரிக்காக்காரன் சத்தமானால் என்ன?

தட்டை வீட்டில் வெளிச்சத்தில் பார்த்தேன். அச்சடித்து விற்ற தட்டு இல்லை. அலுமினியத் தகடு, மேலே கறுப்புப் பூச்சு, பாடப் பாட அதிலேயே பள்ளம் வெட்டிப் பதித்தது. நகல் கிடையாது, உலகத்துக்கே இது ஒன்றுதான். ஓரத்தில் பூச்சு செதில் செதிலாக எழும்புகிறது. மேலே வெள்ளையாக ஒரு படலம். ஊசி ஓடினால் பூச்சும் கூடவே பெயர்ந்து வரும். ஒரு தடவை ஓடும். இரண்டாவது தடவை அவரவர் அதிர்ஷ்டம்.

ஜூன் 12, வியாழன்

கரண்ட் முறையை மாற்றிவிட்டார்கள். எங்களுக்கு எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. கீழ்வீட்டு அம்மா டோ மியா ஒன்று சொல்கிறார், டீக்கடையில் வேறு. பாட்டரியில் ஓட்டலாம்தான், ஆனால் தட்டு சுற்றும் வேகம் ஆடும், குரல் அழும். முடியாது. லைன் கரண்டே வேண்டும்.

லீவு போட்டு உட்கார்ந்திருந்தது வீண். எழுந்தேன், உட்கார்ந்தேன். படகுத்துறை வரை நடந்தேன். படகு ஏறும் கூட்டத்தைப் பார்த்தேன், திரும்பினேன். அண்ணி: "உனக்கு என்ன காலில சக்கரமா?" அண்ணன் கப்பலுக்குப் போய் ஆறு மாதமாகிறது. அண்ணிக்கு வீட்டில் நடமாட நான் ஒருத்திதான், நானும் இப்படி.

டெனிஸிடமிருந்து: பாட்டி இரண்டு நாளாகப் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தூங்குகிறார்.

இதை ஏன் என்னிடம் சொல்ல வேண்டும்? 

ஜூன் 13, வெள்ளி

இன்று எழுதவே கை வரவில்லை. எழுதாவிட்டால் தூக்கம் வராது.

வெள்ளிக்கிழமை. அண்ணி விளக்குத் துலக்கி, சாமி படம் துடைத்து, அவர் பிறந்த வீட்டு அரக்கு வெற்றிலைப் பெட்டிக்கு நல்லெண்ணெய் தடவியிருக்கிறார். எண்ணெய் படாவிட்டால் அரக்கு வெடித்துவிடும் என்று அவர்கள் வீட்டு வழக்கம். பக்கத்தில் என் மேஜையில் தட்டு. கறுப்பாக, அரக்கு மாதிரியே, வெள்ளை பூத்து. அதற்கும் தடவிவிட்டார்!

நான் வந்து பார்த்தபோது கண்ணாடி மாதிரி மின்னியது.

கத்தினேன். நன்றாகவே கத்தினேன். டோ மியா மேலே வந்து எட்டிப் பார்த்தார். அண்ணி முதலில் பர்மியத்தில் "அமலே!", ஐயோ அம்மா, என்று வாயில் கைவைத்தார். அப்புறம் அவருக்கும் கோபம்.

"பூஞ்சை புடிச்சுக் கிடந்துச்சு. நல்லதுக்குத்தானே செஞ்சேன். என் பெட்டியைப் பாரு, எங்க அம்மாவுக்கு அவங்க அம்மா குடுத்தது, ஒரு கீறல் உண்டா?"

"பெட்டி பாடுமா அண்ணி?"

 அண்ணி சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

காக்காவுக்குப் போன். "எண்ணெய்தானே? ஸ்பிரிட்டு கிஸ்பிரிட்டு போட்டுத் துடைக்கலியே? அல்ஹம்துலில்லாஹ். சோப்புத் தண்ணியில, பஞ்சு வச்சு, பள்ளம் போற போக்குலயே போம்மா. தேய்க்காதே, ஒத்தி எடு." சாயங்காலம் முழுக்க ஒத்தி எடுத்தேன். எண்ணெயும் போனது, வெள்ளைப் படலமும் போனது, கூடவே இரண்டு செதிலும் போனது.

ஜூன் 15, ஞாயிறு

மதியச் சாப்பாட்டில் கை வைத்த நேரம், தெருவே கத்தியது: "மீ லா பீ!" கரண்ட் வந்துவிட்டதாம்! கை கழுவக்கூட இல்லை, துடைத்துக்கொண்டு ஓடினேன்.

லேப்டாப்பில் ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டு ஊசியை வைத்தேன்.

முதலில் மழை மாதிரி இரைச்சல். அதற்குள் யாரோ பேசுகிறார்கள், ஒரு இருமல், ஏதோ ஒரு சொல். பிறகு பாட்டு. வாத்தியம் ஒன்றும் இல்லை, கால் தட்டுவதுதான் தாளம். சர்ச் பாட்டு. ஆற்றைக் கடக்க வேண்டும், அக்கரையில் ஆள் காத்திருக்கிறது, அப்படி. கனமான குரல் இல்லை, ஒல்லிக் குரல். மேலே போகும்போது உடைகிறது, உடைந்தும் நிற்கவில்லை.  அண்ணி வாசலில் வந்து நின்றார். வெள்ளிக்கிழமையிலிருந்து என்னோடு பேசவில்லை, ஆனால் நின்றார்.

கடைசி அடியில் பூச்சு பெயர்ந்தது. ஊசி துள்ளி வெறும் அலுமினியத்தில் கிறீச்சிட்டது. தூக்கிவிட்டேன். பாட்டு முடிந்த மாதிரிதான். ஆனால் நடுவிலிருந்து வெளி ஓரம் வரை பூச்சில் புதிதாக ஒரு விரிசல்.

கரண்ட் இருக்கும்போதே முடிக்க வேண்டுமே. உட்கார்ந்து இரைச்சலைக் குறைத்தேன். முன்னால் கிடந்த குப்பையை வெட்டினேன். மூச்சுச் சத்தத்தை அடக்கினேன். முதல் சுரத்தில் சுத்தமாகத் தொடங்குகிறது. அதே பெயரில் சேவ். எல்லாவற்றையும் மூடினேன். ஸ்டூடியோ சட்டம் அது: ஒரு கல்யாணம், ஒரு ஃபைல். இரண்டு வைத்திருந்தால் கரண்ட் போய் வரும் குழப்பத்தில் பெண் வீட்டுக்குத் தப்பானது போய்விடும்.

இணையத் தடையைத் தாண்டும் வி.பி.என். மூன்று தடவை அறுந்து, நான்காவதில் பாட்டு டெனிஸுக்குப் போய்ச் சேர்ந்தது. ராஜா மாதிரி படுக்கப் போகிறேன்.

ஜூன் 16, திங்கள்

டெனிஸ் பதில். நன்றி நன்றி நன்றி என்று ஒரு பக்கம். சர்ச்சில் போட்டார்களாம், எல்லோரும் எழுந்து நின்றார்களாம். இனி அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் போட்டுக் காட்டுவார்களாம்.

கடைசியில் இரண்டு வரி. 'பாட்டிக்கு ரொம்பச் சந்தோஷம். ஆனால் ஒன்று கேட்கச் சொன்னார். அப்பா நன்றாகப் பாடுவார் என்று எல்லோரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன், இது ரேடியோவில் வரும் பாடகர் மாதிரி இருக்கிறது. சும்மா பேசியது எதுவும் இல்லையா?'

பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

இருந்தது. அந்த இருமலும் அந்தச் சொல்லும். நான்தான் வெட்டினேன், வெட்டி அதன் மேலேயே சேவ் செய்தேன். லேப்டாப்பைத் தலைகீழாகப் புரட்டியாகிவிட்டது. இல்லை. என் கையை நானே வெட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அண்ணியிடம் சொல்லிவிட்டேன், வேறு யாரிடம் சொல்வது? பூண்டு உரித்துக்கொண்டே கேட்டார்.

"நான் எண்ணெய் தடவிப் பளபளன்னு ஆக்கினா வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சே. நீ செஞ்சது மட்டும் என்ன?"

 பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது இரண்டு பேருக்கும்தான். உரித்த பூண்டை ஒதுக்கிவிட்டு அவரே: "மறுபடியும் போட முடியாதா?"

ஜூன் 17, செவ்வாய்

ஸ்டூடியோவுக்கு வயிற்றுவலி என்று சொன்னேன். 

காக்கா சைக்கா ரிக்ஷாவில் வந்தார், மடியில் டிபன் டப்பா, டப்பாவுக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் ஊசி. கொஞ்சம் பருத்த ஊசி. போன தடவை ஓடிய இடத்துக்கு மேலே, பள்ளத்தின் சுவரில் உட்காருமாம். எங்கள் மூன்றாவது மாடிக்கு ஏறி வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. அண்ணி டீ கொடுத்தார்.

தட்டைப் பார்த்து: "விரிசலு ஓரம் வரைக்கும் வந்திரிச்சேம்மா. இது ஓடுனா அவ்வளவுதான். பாட்டும் போயிரும், தட்டும் போயிரும்."

"பாட்டு இருக்கு காக்கா. பாட்டு அவங்ககிட்டயும் இருக்கு. எனக்கு முன்னாடி கிடந்ததுதான் வேணும்."

"அப்ப என்னத்துக்கு யோசிக்கிறே? வை."

யோசிக்காமல் எப்படி வைப்பது? உலகத்துக்கே இது ஒன்று. பத்திரமாக வைப்பதற்காகத்தானே இரண்டு வருஷமாக இந்தப் பாடு. இப்போது அதை நானே உடைக்கப் போகிறேன்.  கரண்ட் வரும்வரை மூன்று பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. காக்கா உதட்டுக்குள் ஏதோ ஓதினார்.

வந்தது. வைத்தேன்.

விரிசலில் ஒவ்வொரு சுற்றுக்கும் டக், டக். அதற்கு நடுவே தூரத்தில் ஒரு ஆள், அதிகாரக் குரல்: சரி, வால்டர், தொடங்கு. தொண்டையைச் செருமும் சத்தம். இருமல். மூச்சு, நடுங்குகிறது, நன்றாகவே கேட்கிறது. அப்புறம் வால்டரின் குரல், பாடுகிற குரல் இல்லை, வேறு, சின்னது:

இப்பவா?

யாரோ சிரிக்கிறார்கள். பாட்டின் முதல் சுரம். அங்கேயே பூச்சு கையகலத்துக்குப் பெயர்ந்து ஊசியில் சுருண்டது.

அண்ணி, "போயிருச்சா?" காக்கா, "எது வேணுமோ அது கெடச்சிரிச்சு." நான் முதலில் சேவ். இரண்டு பெயரில். பென் டிரைவில் ஒன்று, காக்காவின் போனில் ஒன்று. அப்புறம்தான் அழுதேன்.

எதையும் வெட்டி எடுக்கவில்லை. டக் டக் என்ற சத்தத்தோடு அப்படியே அனுப்பினேன். அந்த இணையதளத்திலும் இதையே ஏற்றினேன், பாட்டுக்குப் பக்கத்தில். யாராவது குப்பை என்று நினைத்தால் நினைக்கட்டும்.

ஜூன் 18, புதன்

மழை விட்டிருக்கிறது. காலை எழுந்ததும் போனைப் பார்த்தேன், ஒன்றுமில்லை. சாப்பிட மொஹிங்கா மீன் நூடுல்ஸ் வாங்கி வந்தேன், பார்த்தேன், இல்லை. ஸ்டூடியோவில் ஒரு கல்யாணத்தில் மணப்பெண்ணின் அப்பா தேம்புகிறார். அந்தத் தேம்பலை எடுக்கச் சொல்லி முதலாளி குறிப்பு எழுதி வைத்திருந்தார். எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

மத்தியானம் வந்தது. டெனிஸ்தான். அவள் எழுதியதை நம் பேச்சில் எழுதிவைக்கிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடுவேன்.

சமையலறையில் வைத்துப் போட்டுக் காட்டினாளாம். முதல் தடவை முடிந்ததும் பாட்டி மறுபடி போடச் சொன்னார். இரண்டாவது தடவை, 'பயந்திருக்கான்' என்றார். 'அவன் பயந்தான்னு எனக்கு யாருமே சொல்லலை. இருபத்திரண்டு வயசு. என் கடைசிப் பேரனைவிடச் சின்னவன்.' மூன்றாவது தடவை போனைக் கையில் வாங்கி வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அவன் 'இப்பவா?' என்று கேட்டதும் சொன்னாராம்:

"ஆமா கண்ணு, இப்பத்தான். பாடு."