கோட்டுக்கு வெளியே ஒரு குதிகால்

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆடிக் காற்று. காயப்போட்ட துணியெல்லாம் மண். இரண்டாவது தடவை அலசினேன்.

நாளை பாளையங்கோட்டையில் பெண்கள் மல்யுத்த இறுதி. நடுவர் நான். எனக்குத் தேசிய நடுவர் தரம் கொடுக்கலாமா என்று பார்க்க வடக்கேயிருந்து ஓர் அம்மா வந்திருக்கிறார். போன தடவை கிடைக்கவில்லை. 'தயக்கம்' என்று எழுதிவிட்டார்கள்.

எடுத்துவைக்க: விசில், வெள்ளைச் சட்டை, சிவப்பு – நீலக் கைப்பட்டை, தொண்டைக்கு மிட்டாய்.

சாப்பிடும்போது அப்பா பழைய கதையை எடுத்தார். அவர் சலூன் பெஞ்சில், துபாய்க்காரர் ஒருவர் கொடுத்த மல்யுத்தப் புத்தகங்கள் கிடக்கும். இங்கிலீஷ் தெரியாது, படம்தான். பள்ளிக்கூடம் விட்டதும் போய் உட்கார்ந்துவிடுவேன். "ஏட்டி, ஆள் வருதாவ, வீட்டுக்குப் போ" என்று விரட்டுவார். போகமாட்டேன். படத்தில் ஒருவன் திருட்டுக் குத்து விடுவான், நடுவர் எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அழுகையே வரும்.

"அங்கன பாரும்வேன்னு அந்த நடுவரப் பாத்துக் கத்துவ" என்றார் அப்பா. சிரித்தோம்.

ஆகஸ்ட் 9, சனி

வீடு வந்தாயிற்று. கைப்பட்டையை இன்னும் கழற்றவில்லை.

சிவப்பு உடையில் இசக்கி, நம்ம ஊர்ப் பிள்ளை. நீலத்தில் சேலத்துப் பெண். அரங்கமே இசக்கி பக்கம்.

முதல் பாதி. இசக்கியின் கால் கோட்டைத் தாண்டியது என்று நீலத்துக்கு ஒரு புள்ளி கொடுத்தேன். இசக்கியின் பயிற்சியாளர் தங்கதுரை சார் வீடியோ பார்க்கச் சொன்னார். பார்த்தால், நீலத்தின் கால்தான் முதலில் வெளியே. என் தப்பு. புள்ளியை மாற்றிக் கொடுத்தேன். ஊளை, சிரிப்பு. வடக்கத்தி அம்மா ஏதோ குறித்துக்கொண்டார். போச்சு என்று நினைத்தேன்.

கடைசி நொடிகள். இசக்கி ஒரு புள்ளி முன்னால். நீலம் தள்ள, இசக்கியின் குதிகால் கோட்டுக்கு வெளியே. அப்புறம்தான் மணி. தெளிவாகப் பார்த்தேன். முன்னாலும் தெளிவாகப் பார்த்ததாகத்தானே நினைத்தேன்?

நீலக் கையைத் தூக்கினேன். சமம். சமமானால் கடைசிப் புள்ளி எடுத்தவளுக்கு வெற்றி.

தங்கதுரை சார் மெத்தை ஓரம் வரை வந்துவிட்டார். "ஏம்மா, இந்த ஊர்ச் சோத்தத் தின்னுட்டு இப்படிச் செய்யுத. செரிக்குமா?"

மறுபடி வீடியோ. அரங்கம் முழுக்கக் கூச்சல். இசக்கி என்னைப் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. தலை குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

என் தீர்ப்பு நின்றது.

கடையை அடைத்துவிட்டு அப்பாவும் வந்திருந்தார். பக்கத்தில் இருந்தவன், "இவள எவம்வே நடுவராப் போட்டான்?" என்று கேட்டானாம். பஸ்ஸில் சொன்னார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்தச் சொல்ல. குடிக்கத் தண்ணி கேட்டான். குடுக்கல."

ஆகஸ்ட் 10, ஞாயிறு

லேசான சாரல். அரிசி ஊறப்போட மறந்தேன்.

சங்கத்திலிருந்து போன் வந்தது. தரம் கிடைத்துவிட்டது. அந்த அம்மாவின் குறிப்பைப் படித்துக் காட்டினார்கள்: 'தவறுக்குப் பின்னும் கை தயங்கவில்லை.'

கடைக்கு ஓடினேன். ஒரே கூட்டம். அப்பா நுரைக் கையோடு "சரி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "யார்ட்டயாவது சொல்லலாமா, இப்பம் வேண்டாமா?" என்றார்.

இசக்கிக்குப் போன் போட எடுத்தேன். நடுவர் போடக் கூடாது. வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் அப்பாவுக்குக் காப்பி கொடுக்கப் போனேன். நாற்காலியில் தங்கதுரை சார். வாரம் தவறாமல் வருகிறவர்தான். இன்று வருவார் என்று நினைக்கவில்லை. முகமெல்லாம் நுரை. தொண்டையில் அப்பாவின் கத்தி. நான் வாசலிலேயே நின்றேன்.

கண்ணாடியில் என்னைப் பார்த்தார் சார். "ஏம்மா, கடைசியில அவ கால் வெளிய போனது எனக்கு அப்பமே தெரியும்."

அப்பா கத்தியை எடுத்து, பையப் பையத் துடைத்தார்.

"அத அங்கன வச்சே சொல்லிருக்கலாம்லா, சார்" என்றார் அப்பா.

சார் தாடையைத் தூக்கிக் கொடுத்தார். அப்பா மீதியைச் சிரைத்தார். என் பஸ் வந்துவிட்டது.