இடப்பக்கத் திருகு

மார்ச் 4, செவ்வாய்

மூத்த பேரன் பாலம் கட்டுகிறான். இரண்டாமவன் கப்பலில் எஞ்சின் பார்க்கிறான், போன வருஷம் தோளில் இன்னொரு கோடு ஏறியது. கடைக்குட்டிக்கு நீச்சலில் மூன்று கோப்பை. மூன்றாவது கோப்பை சற்றுச் சின்னது, இருந்தாலும் கோப்பை கோப்பைதான். நடுவில் ஒரே பேத்தி. பல் மருத்துவத்தில் தங்க மெடல் வாங்கியவள். வேலைக்குப் போகாமல் வேறு ஊரில் மேல் ஆராய்ச்சி செய்கிறாள்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் வீட்டில் இத்தனை. நான் பீற்றிக்கொள்ளவில்லை, கூடத்துச் சுவரே சொல்கிறது. நான்கு ஆணி, மூன்று படம். நான்காவது ஆணி பேத்தி கறுப்பு அங்கி போட்டுப் பட்டம் வாங்கும் படத்துக்கு.

"அத்தை, காய்கறிக்காரர்கிட்டகூட சொல்லியாச்சு. தெருநாய் ஒண்ணுதான் பாக்கி" என்றாள் மருமகள்.

"அதுக்கு நேத்தே சொல்லிட்டேன்" என்றேன்.

வியாழக்கிழமை எனக்குத் தாடையில் இரண்டு திருகு போடுகிறார்கள், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. எலும்பு பிடித்த பிறகு அதன்மேல் பல் மாட்டுவார்கள். இரண்டில் ஒன்று வழக்கமாக எல்லோருக்கும் போடுவது, இன்னொன்று பேத்தி செய்தது. எது எந்தப் பக்கம் என்பது ஒட்டிய உறையில் இருக்கிறது. டாக்டருக்கே தெரியாதாம். பேத்தி போனில் சொன்னாள்: "எனக்கும் தெரியாது பாட்டி. நீ என் பாட்டிங்கிறதை எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கியிருக்கேன். அதுக்கு மேல நீயும் கேக்காத, நானும் கேக்க மாட்டேன்."

இப்படி நாற்பது பேர் வாயில் பார்க்கிறார்களாம். அதை வைத்துத்தான் அவளுக்குப் பட்டம்.

மார்ச் 6, வியாழன்

போட்டாயிற்று. ஒரு மணி நேரம். மரத்துப்போன உதட்டோடு மருமகளிடம் ஏதோ சொன்னேன், அவள் வேறு எதற்கோ தலையாட்டினாள்.

மார்ச் 7, வெள்ளி

வீக்கம். கண்ணாடி பார்க்கவில்லை.

மார்ச் 15, சனி

பேத்தியிடம் கேட்டேன், அப்படி என்னதான் செய்தாய் அந்தத் திருகை என்று.

"வழவழன்னு இருந்தா எலும்பு பக்கத்துல வந்து சும்மா நிக்கும். பொடித் துகளை வேகமா அடிச்சு, அமிலத்துல ஊற வச்சு, மேல்பாகத்தைக் கண்ணுக்குத் தெரியாத குழி குழியா ஆக்குறோம். எலும்பு அந்தக் குழிக்குள்ள வளர்ந்து கெட்டியாப் பிடிச்சுக்கும்."

இதை எனக்குச் சொல்ல வேண்டுமா? பதினெட்டு வருஷம் கட்டட வேலையில் சாந்துச் சட்டி தூக்கியவள் நான். வழவழப்பான கான்கிரீட்டில் பூச்சு நிற்காது. உளியால் கொத்திவிட்டு, தூசி போகக் கழுவி, அப்புறம்தான் பூச வேண்டும்.

"அதேதான் பாட்டி."

"இதுக்கா மூணு வருஷம் படிச்ச?"

அவளுக்குச் சிரிப்பு அடங்க நேரமானது.

ஒரு கட்டுத் தாள் கொடுத்திருக்கிறார்கள். வாரம் ஒரு தாள். ஒவ்வொரு பக்கத்துக்கும் வலி எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். இந்த வாரம் இடம் இரண்டு, வலம் இரண்டு.

மார்ச் 27, வியாழன்

மூன்றாம் வாரப் பரிசோதனை. திருகின் தலையில் ஒரு சின்ன ஆணியை முடுக்கி, பக்கத்தில் கருவியைக் காட்டினார்கள். எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்று எண் வருகிறது. முதல் நாள் இரண்டு பக்கமும் எழுபதுக்குக் கிட்டே. இன்று இரண்டுமே இறங்கிவிட்டன. கழன்றுவிடுமா என்று கேட்டேன்.

"பயப்படாதீங்க பாட்டி. பழைய எலும்பு கரைஞ்சு புது எலும்பு வர்ற நேரம். எல்லாருக்கும் இறங்கித்தான் ஏறும்" என்றார் டாக்டர். கான்கிரீட் இறுகும்வரை அடியில் தாங்கும் சென்ட்ரிங் பலகையைப் பிரிக்காமல் காத்திருப்போமே, அது போல. இனி பன்னிரண்டாம் வாரம்தான் இந்தக் கருவியாம். அதுவரை நான் எழுதும் தாள்தான் அவர்களுக்குக் கணக்கு. எல்லாம் பூஜ்யமாக இருந்தால் ஆறாம் வாரமே பல்லுக்கு அளவெடுப்பார்கள்.

ஏப்ரல் 2, புதன்

இடப்பக்கம் கடித்தால் வலி. மூன்று இருக்கும். தாளில் பூஜ்யம் போட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

நான்கு. சில சமயம் ஐந்து. தாளில் பூஜ்யம்.

ஏன் போட்டேன்? அது பேத்தி செய்த திருகாக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சொந்தப் பாட்டி வாயிலேயே பிடிக்கவில்லை என்று அவள் பேப்பரில் ஏற வேண்டுமா? நாற்பது பேரில் மீதிப் பேருக்கு நன்றாகத்தானே இருக்கும். வலி என் வாயில். அதைப் பொறுத்துக்கொள்வதும் என் பாடு.

கையெழுத்து மட்டும் கோணலாக வந்தது.

ஏப்ரல் 12, சனி

மருமகள் கடைக்குப் போனதும் கண்ணாடி முன் நின்று, டீக்கரண்டிக் காம்பால் வலப்பக்கத் திருகின் தலையைத் தட்டினேன். கிண் என்றது. இடப்பக்கம் தட்டினேன்.

டொக்.

மறுபடி தட்டினேன். டொக்.

எனக்கு இந்தச் சத்தம் தெரியும். சுவரைப் பிடிக்காத பூச்சு இப்படித்தான் பேசும். வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே காற்று.

ஏப்ரல் 13, ஞாயிறு

நேற்று எழுதாமல் விட்டதை எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் கொத்தனார். கல்யாணமான புதிதில் ஒரு வீட்டில் பெரிய சுவர் பூசி முடித்தார். வீட்டுச் சொந்தக்காரர் வந்து பார்த்து, கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் போனதும் இவர் கொத்துக்கரண்டிக் காம்பால் தட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் டொக். சுத்தியலை எடுத்து முழுச் சுவரையும் உதிர்த்தார். பின்னால் பார்த்தால் கழுவாமல் விட்ட தூசி. நான்தான் அன்று கழுவியவள். அதைச் சொல்லவில்லை, சண்டைதான் போட்டேன். "அவரே நல்லாருக்குன்னு சொல்லிட்டாரு, உனக்கு என்ன கொள்ளை?"

"சுவருக்கு நம்ம மேல பாசம் கிடையாதுடி. விழணும்னா விழும்" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

எலும்புக்கு மட்டும் என் பேத்தி யார் என்று தெரியுமா?

ஏப்ரல் 14, திங்கள்

ஒன்றும் முடிவு செய்யவில்லை. வலி ஐந்து.

ஏப்ரல் 17, வியாழன்

ஆறாம் வாரம். நர்ஸ் அளவெடுக்கும் பசையைப் பிசைய ஆரம்பித்துவிட்டாள். டாக்டர் தாள்களைப் புரட்டி, "நாலாம் வாரத்துல இருந்து பூஜ்யம். பாட்டின்னா பாட்டிதான்" என்றார்.

"டாக்டர், அந்தத் தாள் பொய்" என்றேன்.

பசை நின்றது.

பையிலிருந்து இந்த நோட்டை எடுத்து, தேதி தேதியாக விரல் வைத்துக் காட்டினேன். கரண்டி விஷயம் வந்ததும் அவர் என்னைப் பார்த்தார். பிறகு வாய்க்குள் விட்டுப் பார்க்கும் கண்ணாடியின் காம்பால் தானும் தட்டினார். வலம், இடம், வலம், இடம். எழுந்து போய்ப் பன்னிரண்டாம் வாரத்துக் கருவியை எடுத்துவந்தார். வலம் எழுபத்து நான்கு, இடம் முப்பத்தெட்டு. படம் எடுத்தார்கள். இடப்பக்கத் திருகைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு. எலும்பு வர வேண்டிய இடத்தில் வெறும் சதையாம்.

மரத்துப்போக ஊசி போட்டார்கள். திருகு பாட்டில் மூடி போலக் கழன்று வந்தது. ஒரு துளி பலம்கூடத் தேவைப்படவில்லை.

"ஏன் பாட்டி இப்படிச் செஞ்சீங்க?"

"பேத்தி செஞ்ச திருகா இருக்குமோன்னு."

"இந்த நோட்டை நகல் எடுத்து உங்க பேத்தி குழுவுக்கு அனுப்பணும். அவங்களும் படிப்பாங்க, பரவாயில்லையா?"

அனுப்புங்கள் என்றேன். வேறென்ன சொல்வது.

ஏப்ரல் 18, வெள்ளி

பேத்தி போன். வணக்கமும் இல்லை, சாப்பிட்டாயா என்ற கேள்வியும் இல்லை.

"எப்ப ஆரம்பிச்சதுன்னு தெரியலைன்னா ஏன்னு எப்படித் தெரியும்? நீ பூஜ்யம் போட்ட ஒவ்வொரு வாரமும் நான் கண்ணைக் கட்டிக்கிட்டு நடந்தேன் பாட்டி."

"உனக்குக் கெட்ட பேர் வரக் கூடாதுன்னு…"

"என் பேரையா நாங்க வாய்க்குள்ள வைக்கிறோம்?"

வைத்துவிட்டாள். இருபத்தாறு வருஷத்தில் என்னிடம் குரலை உயர்த்தியது இதுதான் முதல் தடவை.

மருமகள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். திட்டியது அவள் பெற்ற மகள், ஆனாலும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "திட்டினாளா?" என்றாள். "ம்." "நல்லாத் திட்டினாளா?" "ம்." "அப்ப சரி. என்னைத் திட்டினா அரைமணி நேரத்துல அவளே கூப்பிடுவா. உங்களுக்கு ரெண்டு நாள் வச்சுக்கலாம்."

ஏப்ரல் 22, செவ்வாய்

நான்கு நாள். கூப்பிடவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

கூப்பிட்டாள். கரண்டியின் எந்த முனையால் தட்டினேன் என்று கேட்டாள். சொன்னேன். எழுதிக்கொண்டாள். கடைசியில், "வலி எத்தனை?" என்றாள். "இப்ப பூஜ்யம். நிஜப் பூஜ்யம்" என்றேன்.

மே 20, செவ்வாய்

மற்ற முப்பத்தொன்பது பேரையும் அழைத்து மறுபடி விசாரித்தார்களாம். பேத்தி சொன்னாள். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், சின்னப் பிள்ளைகள் இவ்வளவு பாடுபடுகிறார்களே, மனம் நோகக் கூடாது என்று பூஜ்யமாகவே எழுதியிருக்கிறார். தையல்காரம்மா ஒருத்தியும் அப்படியே. இன்னொருவர் வாரா வாரம் பத்து போட்டிருந்தார். பதறிப்போய்ப் பார்த்தால் அவருக்கு வலியே இல்லை. பத்துக்குப் பத்து என்றால் பாஸ் என்று நினைத்தாராம்.

பத்துக்காரர் நலம். மற்ற இருவருக்கும் திருகு ஆடுகிறது.

தாளையே மாற்றிவிட்டார்கள். இனி எண் கிடையாது. நர்ஸ் போன் செய்து, அந்தப் பக்கத்தால் இன்று எதைக் கடித்தீர்கள் என்று கேட்பாள்.

ஜூன் 30, திங்கள்

எங்கள் மூவர் உறையை மட்டும் ஆராய்ச்சியை மேற்பார்க்கும் பெரியவர்கள் பிரித்திருக்கிறார்கள். மூன்றும் பேத்தி செய்தவை. மூன்றும் ஒரே நாள், ஒரே தட்டில் ஊறியவை. குழியெல்லாம் சரியாகத்தான் விழுந்திருக்கிறது. அமிலத்துக்குப் பிறகு கழுவுகிற தண்ணீரின் வடிகட்டியை அன்று மாற்ற வேண்டும், மாற்றவில்லை. குழிக்குள் அழுக்கு தங்கிவிட்டது.

"யார் மாத்தணும்?" என்றேன்.

"நான்தான்."

தூசி கழுவாத சுவரைப் பற்றி அவளிடம் சொன்னேன். கழுவியது யார் என்பதையும் சேர்த்து. வீட்டுக்காரரிடம் கடைசிவரை சொல்லாதது.

செப்டம்பர் 2, செவ்வாய்

இடப்பக்கம் புதுத் திருகு. இந்தத் தடவை ஆராய்ச்சி இல்லை, சும்மா எனக்காக. வழக்கமானதைப் போடவா, உங்கள் பேத்தி கழுவியதைப் போடவா என்று டாக்டர் கேட்டார். பதில் இங்கே எழுதத் தேவையில்லை.

டிசம்பர் 1, திங்கள்

கரண்டி. வலம் கிண். இடம் கிண்.

மார்ச் 12, வியாழன்

மூத்தவன் பாலத்தில் வண்டி ஓடுகிறது. இரண்டாமவன் கப்பல் கரைக்கு வந்திருக்கிறது. கடைக்குட்டிக்கு இந்த வருஷம் கோப்பை இல்லை, நான்காவதாக வந்தான். பேத்தி செய்த திருகில் நாற்பதுக்கு மூன்று தோற்றது. மூன்றும் அவள் தப்பு. அதை அவளே முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறாள். மற்ற முப்பத்தேழும் வழக்கமானதைவிடச் சீக்கிரம் பிடித்ததாம், அது இரண்டாம் பக்கத்தில். பட்டம் கொடுத்துவிட்டார்கள். காய்கறிக்காரரிடம் இந்த வரிசையிலேயே சொன்னேன். தோற்றதை எதற்குச் சொல்கிறீர்கள் என்றார். வடிகட்டியில் ஆரம்பித்து எல்லாம் சொன்னேன். பாவம், அவருக்கு வியாபாரம் கெட்டது.

கறுப்பு அங்கிப் படம் மருமகள் போனுக்கு வந்திருக்கிறது. பேத்தி நன்றாகத்தான் சிரிக்கிறாள். அதோடு இன்னொரு படமும் வந்தது. மேடையில் கையில் குச்சியோடு நிற்கிறாள், பின்னால் திரை முழுக்க என் தாடை, இடப்பக்கத் திருகைச் சுற்றி அந்தக் கறுப்புக் கோடு.

நாளைக்கு அவளுக்கு இப்படிக் கடிதம் போட வேண்டும்: அங்கிப் படத்துக்கு அவசரம் இல்லை. மேடைப் படத்தைப் பெரிதாகக் கழுவி, தாளில், தபாலில் அனுப்பு. போனை அந்த நான்காவது ஆணியில் மாட்ட முடியாது.