பியூட்டியின் முதுகில் உங்கள் கம்பளி

சார்,

இரண்டு முறை சோப்பு போட்டுக் கழுவியும் என் வலது கையிலிருந்து குதிரை வியர்வை வாசம் போகவில்லை. எழுத உட்காருகிறேன், எழுந்து வாசல்வரை போய்விட்டு வருகிறேன். பொங்கல் நெருங்குகிறது. பீர்க்கன்கரணை ஏரிப்பக்கமிருந்து சில்லென்ற காற்று. நான் மப்ளர் சுற்றியிருக்கிறேன். இந்தக் குளிரில் உங்கள் பியூட்டிக்கு வேர்த்திருந்தது.

கல்யாண சாரட்டு இழுத்து ஓய்ந்த குதிரையை, ரிட்டயரான பி.டி. வாத்தியார் நீங்கள் வாங்கிவந்து வீட்டுக்குப் பின்னால் கட்டியபோது தெருவே சிரித்தது. ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடுவதைவிட இது மலிவா என்று நானும் சீண்டினேன். "ஒரு மாசம் நீங்க புல்லு வாங்கிப் பாத்துட்டு சொல்லுங்க சார்" என்றீர்கள்.

முதல் மார்கழியில், கொட்டகை இருபுறமும் திறந்து கிடக்கிறதே, தார்ப்பாய் கட்டக்கூடாதா என்று கேட்டேன். என் கையைப் பிடித்துப் பிடரி மயிருக்கு அடியில் வைத்தீர்கள். கதகதவென்று இருந்தது.

"நம்ம குளிர வெச்சு அதுக்குக் கணக்குப் போடாதீங்க. தின்ன புல்லே உள்ள அடுப்பு மாதிரி எரியுது."

சுடுசோற்றை டிபன் பாக்ஸில் போட்டு மூடினால் மூடியெல்லாம் நீர் கோத்துக்கொள்ளும் அல்லவா? மூடிய கொட்டகையும் அப்படித்தான் என்று அன்று புரிந்தது.

நீங்கள் இல்லாத முதல் குளிர்காலம் இது. பியூட்டி சரியாகத் தின்னவில்லை என்று உங்கள் மனைவி, டீச்சர், நேற்று போன் செய்தார். இதை யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று உங்கள் மகன் பெருங்களத்தூரிலிருந்து வந்து சொல்லிவிட்டுப் போனானாம். காலையில் ஓடினேன். உங்கள் வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் இன்னும் தொங்குகிறது. கொட்டகையைச் சுற்றித் தார்ப்பாய். உள்ளே மூத்திர நெடி கண்ணைக் கரித்தது. பியூட்டியின் முதுகில் உங்கள் பழுப்புக் கம்பளி. பிடரிக்கு அடியில் கை வைத்தேன். ஈரம்.

கம்பளியை எடுத்துவிடலாம் என்றேன். டீச்சர் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"ஐசியூல ஏசி, குளிருதுன்னு சொன்னாரு. இதை எடுத்துட்டுப் போனேன். நர்ஸ் போத்த விடல சார்."

வாழ்நாளெல்லாம் உதாரணம் சொல்லியே பாடம் நடத்தியவன் நான். அந்த டிபன் பாக்ஸைக்கூடச் சொல்ல மனம் வரவில்லை. கடைசியில், "நீங்களே கையை வெச்சுப் பாருங்க டீச்சர்" என்றேன்.

வைத்தார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. பிறகு, "பாவம், நனைஞ்சு கீது" என்று முணுமுணுத்தபடி கம்பளியை அவரே உருவினார். நான் தார்ப்பாயின் முடிச்சுகளை அவிழ்த்தேன். ஏரிக்காற்று உள்ளே வந்தது. அவர் காய்ந்த துணியால் கழுத்தையும் விலாவையும் துடைத்தார். பியூட்டி உடம்பை ஒரு முறை உதறிவிட்டு, புதிதாகத் தண்ணீர் நிரப்பிய வாளியில் வாயை வைத்தது. புல்லை முகர்ந்தது. தின்னவில்லை.

நான் கிளம்பும்போது டீச்சர் அந்தக் கம்பளியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

"உங்களுக்குக் குளிருதா டீச்சர்?"

"ரொம்ப நாளாவே குளிருது சார்."

"காய வெச்சு நீங்க போத்திக்கோங்க."

மத்தியானம் ஆகிவிட்டது. பியூட்டி தின்றதாக டீச்சரிடமிருந்து போன் வரவில்லை. என்னால் இதற்கு மேல் உட்கார முடியாது சார், மறுபடி போகிறேன். கையை இனி கழுவப் போவதில்லை. போனதும் அதைத்தான் பிடரிக்கு அடியில் வைக்க வேண்டும்.