சூளைக்குப் போன கவலைகள்

விருத்தாசலம்,
8-3-1973.

பட்டணத்தில் இருக்கும் அண்ணன் தங்கராசுவுக்கு, தங்கை பாஞ்சாலை எழுதுவது.

அம்மா சுகம். ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. என் உடம்பு எப்படி என்று கேட்டிருந்தாய், அதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் சூளை விஷயம். கை பரபரக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் எல்லோரிடமும் எரிந்து விழுகிறேன் என்று போன மாதம் உனக்குப் புகார் வந்ததே, அம்மா சொல்லச் சொல்ல அதை எழுதியவளே நான்தான். நீயும் உடனே ஒரு மனோதத்துவப் புத்தகத்தை அனுப்பி, படி, கோபம் குறையும் என்றாய். படித்தேன். இரட்டிப்பாகிவிட்டது. தினம் பத்து நிமிஷம் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார் என்கிறார் அந்த மனுஷர். நம் வீட்டில் இருப்பது படல். கண்ணாடி முன் நின்று முகம் முழுக்கச் சிரி என்கிறார். நம் கண்ணாடியில் பாதி வாய்தான் தெரியும். கவலையை வென்றவர்கள் என்று அவர் காட்டுகிற ஆட்கள் வக்கீல், மில் முதலாளி, மாடி வீட்டு அம்மாள். கவலைகளில் முக்கால்வாசி கற்பனையாம். எங்கள் கொட்டகையில் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு அதை எழுதியிருந்தால் ஒப்புக்கொள்வேன்.

பீங்கான் கம்பெனியில் எங்களுக்கு என்ன வேலை என்று நீ கேட்டதே இல்லை. சூளைக்குப் போகுமுன் காய்ந்த மண்கோப்பைகளில் இருக்கும் பிசிறைக் கத்தியால் சுரண்டுகிறோம், பதினோரு பெண்கள். மாவு மாதிரித் தூசி பறக்கும். காற்றுப் பட்டால் கோப்பை விரிசல் விடும் என்று ஜன்னல்களுக்குப் பலகை அடித்துவிட்டார்கள். ஈரக் கோப்பைக்கு அது சரி. நாங்கள் சுரண்டுவது காய்ந்து முடிந்தது, அதைக் காற்று என்ன செய்யும்? மேஸ்திரி சுப்புராயனிடம் கேட்டால், ஒருத்தி இருமினா ஊரே இருமுவீங்க, எல்லாம் மனசுதான் என்கிறார். உன் புத்தகத்தை அவரும் படித்திருப்பாரோ!

போன வாரம் சாப்பாட்டு வேளையில் அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன், சிரிக்கத்தான். மூன்றாவது அத்தியாயத்தில், கவலையை எழுதி நெருப்பில் போடு, போயே போய்விடும் என்று இருக்கிறது. ஆராயி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு எழுத வராது, நீ எழுதுடி, போட்டுத்தான் பாப்பமே என்றாள். காகிதம் இல்லை. கைப்பிடி உடைந்த மண்கோப்பை ஒன்றை எடுத்து நீட்டினாள். கத்தி முனையால் கீறினேன். பிறகு ஆளுக்கொரு உடைசலோடு வரிசையில் நின்றுவிட்டார்கள். ஒவ்வொருத்தியும் மற்றவளுக்குக் கேட்காமல் என் காதில் சொன்னாள். ஜைத்தூன் பீவி, குவைத்துக்குப் போன புருஷனைப் பற்றிச் சொல்லப்போகிறது என்று காதை நீட்டினேன். அதுவும், ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்க, மூச்சு முட்டுது என்றது. அண்ணே, பத்துப் பேரும் அதையே சொன்னார்கள்! எல்லோரும் கை கழுவப் போன பிறகு என்னுடையதைக் கீறினேன்.

சூளை அடுக்குகிற விருத்தகிரி, கவலையையும் வேகவெக்கணுமா, குடுங்க என்று சிரித்துக்கொண்டே ஒரு சந்தில் வைத்துவிட்டார்.

இன்று காலை சூளை பிரித்தார்கள். அந்தப் புத்தகக்காரர் பீங்கான் சூளையைப் பார்த்ததில்லை, அண்ணே. நெருப்பில் போட்டால் எதுவும் போய்விடாது இங்கே. மண்ணாக இருந்தவரை தண்ணீரில் போட்டால் கரைந்திருக்கும். இப்போது கல். தட்டினால் மணி மாதிரி ஒலிக்கிறது. என் எழுத்து ஒன்றுகூட அழியவில்லை! ஆராயி அக்கா படிக்கத் தெரியாமலே விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

மேஸ்திரி வந்து நாலைந்தைப் படித்தார். எல்லாம் ஒரே கையெழுத்தா இருக்குதே, யார் எழுதினது என்றார். எனக்கு இருமல் வந்துவிட்டது. இருமி முடித்துத்தான் நான் என்று சொல்ல முடிந்தது. நாளைக் காலைக்குள் அத்தனையையும் உடைத்துக் குப்பையில் போடு, இல்லையென்றால் வேலைக்கு வராதே என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் சுத்தியலைத் தேடினேன் என்று நினைக்காதே. தேடியிருந்தாலும் உடைக்க ஒன்றும் இருந்திருக்காது. அவர் திரும்புவதற்குள் அவரவர் கோப்பை அவரவர் சாப்பாட்டுப் பைக்குள் போய்விட்டது. நாளை வெள்ளிக்கிழமை, முதலாளி வருகிற நாள். அவர் எதிரில் எங்களுக்கு டீ ஊற்றும்போது அலுமினிய டம்ளரை எடுக்காமல் அந்தக் கோப்பைகளை நீட்டுவது என்று முடிவு செய்திருக்கிறோம். பாஞ்சாலைய அனுப்பினா நாங்களும் போயிட்டு வரோம்ங்க என்று சொல்லப்போவது ஆராயி அக்கா. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இவ்வளவு சந்தோஷமாக நான் வேலைக்குக் கிளம்பப் போவது இதுதான் முதல் தடவை.

வேலை போய்விட்டால் திட்டாதே. இனிமேல் புத்தகம் அனுப்பாதே. லீவு கிடைத்தால் நீ வா.

ஜைத்தூன் பீவியின் தம்பி நாசர் காலை ரயிலில் பட்டணம் வருகிறார். அவரிடம் இந்தக் கடிதத்தையும் பதினோராவது கோப்பையையும் கொடுத்து அனுப்புகிறேன். நாளைக்கு நான் வெறும் டம்ளரில் குடித்துக்கொள்கிறேன். உடம்பைப் பற்றிக் கேட்டாயே, அதில் எழுதியிருக்கிறது, இரண்டு வரிதான். படித்துவிட்டு அம்மாவுக்கு எழுதாதே. அவளுக்கு வரும் கடிதத்தை நான்தானே வாசிக்க வேண்டும்.

கோப்பையை உடைத்துவிடாதே, அண்ணே.

உன் தங்கை,
பாஞ்சாலை